வேர்ப்புழுவுக்கு நூற்புழு: முதல் தடவை விடப் போகிறவர்களுக்கு

பக்கத்துத் தோட்டத்து மாமா வரப்பில் நின்று கேட்டார்.

“ஏனுங்க மாப்ள, புழுவைக் கொல்றதுக்குப் புழு வாங்கி உடறீங்களாமா? அதுவும் காசு குடுத்து?”

ஆமாங்க மாமா என்றேன். கரும்பு, நிலக்கடலை வேரைத் தின்கிற வேர்ப்புழுவைக் கொல்ல, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நூற்புழு வாங்கி விடுவதைத்தான் கேட்கிறார்.

“நூற்புழு வந்து மஞ்சக்காடு போனது பத்தாதுங்களா? அதையே வாங்கிட்டு வந்து கரும்புக்கும் உடணுமா?”

அவர் பயம் நியாயமானது. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போட்டவர்கள், வாழை வைத்தவர்கள், தக்காளி நட்டவர்கள் எல்லோருக்கும் நூற்புழு என்றாலே வேரில் முடிச்சுதான் ஞாபகம் வரும். அதனால் நூற்புழு விடும் கதைக்கு முன்னால் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மண்ணில் நூற்புழு வகைகள் எக்கச்சக்கம். வேர்முடிச்சு நூற்புழுவின் வாயில் ஊசி இருக்கிறது, அதை வேருக்குள் குத்திச் சாறு குடிக்கும். நாம் விடப் போகிற நூற்புழுவுக்குச் செடி எதற்கும் ஆகாது. பூச்சியின் உடம்புக்குள் போனால்தான் அது வளரும், பெருகும். உங்கள் கரும்பு வேரைத் தொடாது. மண்புழுவுக்கும், மாட்டுக்கும், மடை திருப்புகிற ஆளுக்கும் ஒன்றும் செய்யாது.

அது கொல்லும் விதம் விசித்திரமானது. மண்ணுக்குள் காத்திருக்கும் நூற்புழுக் குஞ்சு அரை மில்லிமீட்டர் நீளம்தான். வேர்ப்புழு மூச்சுவிடும் துளை, வாய், ஆசனவாய் என்று கிடைத்த வழியில் உள்ளே நுழைகிறது. வயிற்றில் ஒரு பாக்டீரியாவைச் சுமந்துகொண்டு வருகிறது. பூச்சியின் ரத்தத்தில் அதைக் கக்கிவிட்டால், சின்னப் புழுவாக இருந்தால் இரண்டு நாளில் சாகும், பெரிய வேர்ப்புழு இன்னும் சில நாள் இழுக்கும். செத்த உடம்பில் பாக்டீரியா பெருகுகிறது. அதைத் தின்று நூற்புழு இரண்டு மூன்று தலைமுறை பெருகி, பத்துப் பதினைந்து நாளில் லட்சக்கணக்கில் வெளியே வந்து அடுத்த புழுவைத் தேடுகிறது.

நமக்கு ஒத்துவரும் இனத்துக்கு ஹெட்டெரோராப்டைடிஸ் இண்டிகா என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் நம்ம ஊர்க்காரன். 1992இல் உலகத்துக்குப் புது இனமாக விவரிக்கப்பட்டபோது, அதன் மூலம் கோயம்புத்தூர். கரும்புத் துளைப்பானில் கிடைத்தது. அதனால்தான் நம் சூட்டை மற்ற பல இனங்களைவிடத் தாங்குகிறது. கடையில் ‘ஸ்டைனெர்நீமா’ என்ற இன்னொரு வகையும் கொடுப்பார்கள். அது மோசமில்லை. ஆனால் கீழ்பவானிப் பாசனத்தில் செம்மண் காட்டுக்கு எது என்று என்னைக் கேட்டால், இண்டிகாவைத்தான் சொல்வேன்.

இனி வேலைக்கு வருவோம். இதை மருந்து என்று நினைத்தால் தோற்றுப்போவீர்கள். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்குவோமா? அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய மாட்டை ரெண்டு நாள் வெயிலில் கட்டிப்போட்டுவிட்டு, பால் கறக்கவில்லை என்று சண்டைக்குப் போவோமா? இந்தப் பாக்கெட்டுக்குள் இருப்பதும் உயிருள்ள மந்தை. பார்த்து வாங்கி, நிழலில் கொண்டுவந்து, தண்ணீர் காட்டி, பொழுது சாய மேய்ச்சலுக்கு விட வேண்டும். கீழே சொல்வது அத்தனையும் இதன் விவரம்தான்.

முதலில் வேப்ப மரத்தைப் பாருங்கள்

நூற்புழு விடும் வேலை கோடை மழையில் ஆரம்பிக்கிறது, கரும்பு காய்ந்த பிறகு இல்லை. சித்திரையில் முதல் நல்ல மழை விழுந்த அன்று இரவு ஏழு மணிக்கு மேல் டார்ச் லைட்டோடு வேப்ப மரத்தடிக்குப் போங்கள். பழுப்பு நிற வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பி இலையைக் கொறித்துக்கொண்டிருக்கும். முருங்கை மரத்திலும் பாருங்கள். இதுதான் வேர்ப்புழுவின் தாய். விடிவதற்குள் மண்ணுக்குள் இறங்கி முட்டை வைத்துவிடும். வருஷத்துக்கு ஒரே ஒரு தலைமுறை. அதனால் ஒரு தாயைப் பிடித்தால் ஒரு வருஷக் கணக்கில் குறைகிறது.

கிளையை உலுக்கிக் கீழே விரித்த தார்ப்பாயில் விழுகிறதைப் பொறுக்கி, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். நாலு தோட்டத்துக்காரர் சேர்ந்து ஒரே ராத்திரியில் செய்தால் பலன். நான் மட்டும் பிடித்து, மாமா தோட்டத்து வேம்பில் விருந்து நடந்தால், என் முயற்சி வீண். அதனால்தான் மாமாவைச் சமாதானப்படுத்தியே ஆக வேண்டியிருந்தது.

முதல் வண்டு பார்த்த தேதியைக் கேலண்டரில் குறித்துவையுங்கள். அதிலிருந்து நாலு முதல் ஆறு வாரம் கழித்து நூற்புழு விடலாம். முட்டை பொரிந்து, புழு இன்னும் சிறுசாக இருக்கும் காலம் அது. நம்மூரில் பெரும்பாலும் வைகாசி கடைசியிலிருந்து ஆனி, ஆடி வரை. ஆவணி புரட்டாசியில் புழு விரல் மொத்தத்துக்குக் கொழுத்துவிடும். தோலும் தடிக்கும், எதிர்ப்பும் ஏறும். அப்போது விடுகிறவர்கள்தான் ‘நூற்புழு வேலை செய்யலைங்க’ என்று சொல்கிறவர்கள்.

மண்ணைத் தோண்டி உறுதி செய்யுங்கள்

கரும்பு மஞ்சள் அடித்தால் அத்தனையும் வேர்ப்புழு இல்லை. வேர்ப்புழு என்றால் திட்டுத்திட்டாகக் காயும், தூரைப் பிடித்து இழுத்தால் வேரில்லாமல் கையோடு வரும். நிலக்கடலையில் வரிசையில் பக்கத்துப் பக்கத்துச் செடி அடுத்தடுத்து வாடும்.

மம்முட்டியால் ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம் வெட்டி மண்ணைச் சாக்கில் கொட்டி உதிர்த்துப் பாருங்கள். பிறை மாதிரி வளைந்து, வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை, முன்னால் மூன்று ஜோடிக் கால், வாலறுதி கொஞ்சம் கருத்துத் தெரியும். காட்டில் நாலு மூலை, நடுவில் ஒன்று, காய்ந்த திட்டின் ஓரத்தில் இரண்டு என்று வெட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை என எழுதிவையுங்கள். திட்டின் நடுவைவிட ஓரத்தில்தான் உயிரோடு அதிகம் இருக்கும். நடுவில் தின்று தீர்த்துவிட்டு அவை வெளியே நகர்ந்துகொண்டிருக்கும். இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

ஒரு எச்சரிக்கை. கட்டுத்தரைக்குப் பின்னால் குப்பைக்குழியில் கட்டைவிரல் தடிமனுக்குக் கொழுகொழுவென்று புழு கிடந்தால் அது காண்டாமிருக வண்டின் புழு. தென்னைக்கு எதிரி. ஆனால் அதற்கு நூற்புழுவைவிட மெட்டாரைசியம் என்கிற பச்சைப் பூஞ்சணத்தைக் குப்பையில் கலப்பதுதான் பலன். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் இதைப் பரவலாகச் செய்கிறார்கள். செத்த தென்னந்தூரை அப்படியே விட்டுவைக்காதீர்கள், அதுதான் வண்டின் பிரசவ ஆஸ்பத்திரி. அயர்லாந்தில் பைன் மரம் வெட்டிய பிறகு நிலத்தில் நிற்கும் அடிக்கட்டையில் ஒரு கூன்வண்டு பெருகி, அடுத்து நட்ட கன்றுகளின் பட்டையை உரித்துத் தின்கிறது. அங்கே அடிக்கட்டையைச் சுற்றி நூற்புழுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். எந்த நாட்டிலும் வெட்டிப் போட்ட கட்டை என்றால் வண்டுக்குக் கொண்டாட்டம் போலிருக்கிறது.

வாங்கும்போது

பொடியாக, பஞ்சில் ஊறவைத்து, களிமண் போல, அல்லது நூற்புழு நிரம்பிய செத்த புழுவாகவே என்று பல வடிவங்களில் கிடைக்கும். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள அமைப்பு இண்டிகாவைப் பொடி வடிவத்தில் கொண்டுவந்து, தயாரிப்பாளர்களுக்குத் தொழில்நுட்பம் கொடுத்திருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியலுக்கென்றே தனித் துறை உண்டு. 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையமும் அங்கேதான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால், கைப்பை நிறைய மண்ணும் நாலு புழுவும் எடுத்துக்கொண்டு ஒரு தடவை போய்வாருங்கள்.

எங்கே வாங்கினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த இனம்? எந்தத் தேதியில் தயாரித்தது? ஒரு பாக்கெட்டில் எத்தனை? மூன்றுக்கும் பதில் வராத இடத்தில் வாங்க வேண்டாம். நாலாவது கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்கத் தேவையில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளலாம்: பாக்கெட் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது?

முதல் வருஷம் நான் பட்டது இதில்தான். ஒரு கடையில் பூச்சிக்கொல்லிப் பாட்டில்களோடு கண்ணாடி ஓரம் வெயிலில் அடுக்கியிருந்ததை, தேதியும் பார்க்காமல் வாங்கினேன். டிவிஎஸ் டேங்க் கவரில் வைத்து மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு, பவர் ஸ்பிரேயரில், காய்ந்த நிலத்தில் அடித்தேன். ஒரு தப்புக்கூட மிச்சம் வைக்கவில்லை. மூன்று வாரம் கழித்துத் தோண்டினால் புழு முன்னைவிடக் கொழுத்திருந்தது. மிச்சம் இருந்த கைப்பிடிப் பொடியை ஒரு நண்பரின் லென்ஸில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அத்தனையும் ஊசி ஊசியாக நேராகக் கிடந்தன. நான் காட்டுக்கு அடித்தது வெறும் களிமண் தண்ணீர்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது தெர்மக்கோல் பெட்டி, அடியில் ஈரத்துணி. கையில் கிடைத்தவுடன் விடுவதே உத்தமம். வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் வீட்டில் குளிர்ந்த மூலையில், மண்பானைக்குப் பக்கத்தில். ஃப்ரீஸரில் மட்டும் வைக்காதீர்கள். இண்டிகா சூட்டு நாட்டுப் பிள்ளை, கடுங்குளிர் ஆகாது. ஃப்ரிட்ஜின் கதவுப் பக்கம் வைக்கலாமா என்றால், தயாரித்தவர் பாக்கெட்டில் போட்டிருக்கும் வெப்பநிலைதான் கணக்கு.

பல்லைப் பிடித்துப் பார்ப்பது

ஒரு சிட்டிகைப் பொடியை அரை டம்ளர் சுத்தமான தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். போர்த் தண்ணீர் போதும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் வேண்டாம். பிறகு கலக்கி, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து, கறுப்புத் துணிக்கு மேலே பிடித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். லென்ஸ் இல்லாவிட்டால் போன் கேமராவில் மாட்டும் மேக்ரோ லென்ஸும் போதும்.

உயிரோடு இருப்பது நெளியும். ஒரு பக்கம் வளைந்து, மறு பக்கம் வளைந்து, தண்ணீர்ப்பாம்பு போகிற மாதிரி. சில நேரம் சோம்பலாக லேசாக வளைந்து கிடக்கும். கண்ணாடியைத் தட்டினால் கிளம்பும். செத்தது நேராக, குச்சியாக, தட்டினாலும் அசையாது. நூறு எண்ணி எண்பதுக்குமேல் நெளிந்தால் நல்ல மந்தை. பாதிக்குமேல் குச்சியாக இருந்தால் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நெளிவது மட்டும் போதாது, கொல்லவும் தெரிய வேண்டும். அதற்கு ஒரு சோதனை. மூடியுள்ள சின்ன டப்பாவில் வடிகட்டித் தாளோ டிஷ்யூவோ போட்டு நனைத்து, நூற்புழுத் தண்ணீர் கொஞ்சம் தெளித்து, பத்து மெழுகுப்புழுவை விடுங்கள். தேனீ விட்டுப்போன பழைய அடையில் கூடு கட்டியிருக்குமே, அந்தப் புழு. தேன் பெட்டி வைத்திருப்பவரிடம் கேட்டால் ஆசையோடு அள்ளிக் கொடுப்பார், அவருக்கு அது எதிரி. கிடைக்காவிட்டால் உங்கள் காட்டு வேர்ப்புழுவிலேயே சின்னதாகப் பார்த்துப் போடுங்கள். மூன்றாம் நாள் திறந்தால் புழு செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும். உடம்பு மெத்தென்று இருக்கும், நாறாது. கறுத்து நாறினால் அது வேறு கிருமியால் செத்தது, நம் கணக்கில் சேராது.

அந்தச் செங்கல் நிறப் புழுவை ராத்திரி இருட்டு அறைக்குள் எடுத்துப்போய் பத்து நிமிடம் விளக்கில்லாமல் உட்கார்ந்து பாருங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும், மங்கலாக, நீலமும் பச்சையும் கலந்த ஒரு வெளிச்சம் தெரியும். இண்டிகா சுமக்கும் பாக்டீரியா ஒளிரும் சாதி. எங்கள் வீட்டில் நெல் மூட்டை அடுக்கியிருந்த அறையில் சின்னவளோடு உட்கார்ந்திருந்தேன். “அப்பா, மின்னாம்பூச்சியைப் புடிச்சு டப்பாவுல அடைச்சு வச்சிருக்கீங்களா?” என்றாள். செத்த புழு என்று சொன்னதும் எழுந்து ஓடிவிட்டாள். இது சோதனைக்கு அவசியமில்லை. பார்த்தால் மறக்காது, அவ்வளவுதான்.

எத்தனை விடுவது

பரவலாகச் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 250 கோடி. ஏக்கருக்கு 100 கோடி என்று வைத்துக்கொள்ளலாம். கேட்டதும் தலை சுற்றும். சென்ட்டுக்கு ஒரு கோடி என்று மனசில் வைத்தால் குழப்பமே இல்லை. நிலத்தில் பரப்பிப் பார்த்தால் ஒரு சதுர செண்டிமீட்டருக்கு இருபத்தைந்து, அவ்வளவே.

ஏக்கர் முழுவதற்கும் விடத் தேவையில்லை என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். முன்னால் தோண்டி எழுதிய கணக்கை எடுங்கள். திட்டும் அதைச் சுற்றி நாலைந்து அடியும் சேர்த்தால் பத்து சென்ட் வருமா, இருபது வருமா? அதற்கு மட்டும் வாங்குங்கள். இருபது சென்ட் என்றாலும் ஏக்கர் செலவில் ஐந்தில் ஒன்றுதான் ஆகும்.

எண்ணிப் பார்க்க ஒரு வழி. ஒரு கோடி இருப்பதாகச் சொல்லும் பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்குங்கள். அதில் 10 மில்லி எடுத்து, நல்ல தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். இதில் ஒரு மில்லியை ஊசி போடும் சிரிஞ்சில் எடுத்துக் கண்ணாடியில் விட்டு எண்ணினால் சுமார் நூறு நெளிய வேண்டும். ஐந்து தடவை எண்ணிச் சராசரி எடுங்கள். ஒவ்வொரு தடவையும் கலக்கிவிட்டு எடுங்கள், ஏனென்றால் நூற்புழுவுக்கு நீச்சல் சரியாக வராது, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அறுபது வந்தால் அடுத்த தடவை கூடப் போடுங்கள். பத்து வந்தால் வாங்கின இடத்துக்குப் போய்ப் பேச வேண்டியதுதான்.

விடும் நாள்

காலையில் பாசனம் செய்துவிடுங்கள். வாய்க்கால் தண்ணீர் முறை வரும் நாளைப் பார்த்து அதை ஒட்டி வைத்துக்கொண்டால் சுலபம். மண் ஒரு சாண் ஆழம் வரை ஈரமாக இருக்க வேண்டும், சேறாகக் கூடாது. நூற்புழு மண் துகளைச் சுற்றி இருக்கும் மெல்லிய தண்ணீர்ப் படலத்தில்தான் நகரும். காய்ந்தால் நகராது. தண்ணீர் நின்றால் மூச்சு முட்டும். செம்மண், மணல் கலந்த மண் என்றால் நன்றாகப் போகும். கருமண் கொஞ்சம் கஷ்டம், அங்கே தூருக்கு அருகிலேயே ஊற்றுங்கள்.

மாலை ஐந்து மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். வெயில் நேரடியாகப் பட்டால் சில நிமிடத்திலேயே சோர்ந்துவிடும். மேகமூட்டம், தூறல் என்றால் அதிர்ஷ்டம்.

கரும்பில் முதலில் சருகை ஒதுக்குங்கள். இல்லையென்றால் ஊற்றுகிற தண்ணீர் எல்லாம் சருகில் நின்றுவிடும். தூருக்கு இரு பக்கமும் கொஞ்சம் மண்ணை இழுத்துக் காலாக வெட்டி, நூற்புழுத் தண்ணீரை ஊற்றி, மண்ணை மூடி, சருகைத் திரும்ப இழுத்துப் போடுங்கள். அந்தச் சருகு இனி உங்கள் நண்பன், ஈரத்தைக் காக்கும். நிலக்கடலையில் வரிசை ஓரமாகப் பூவாளியில் ஊற்றினால் போதும். தென்னங்கன்றுக்கு வட்டப்பாத்தியில்.

ஏக்கருக்கு 400 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் எடுங்கள். அதிகமானாலும் தப்பில்லை. டிரம்மில் கலக்கினால் ஒரு ஆள் குச்சியோடு நின்று கலக்கிக்கொண்டே இருக்கணும். முதல் குடத்தில் வெறும் தண்ணீரும் கடைசிக் குடத்தில் அத்தனை நூற்புழுவும் போனால் ஒரு மூலையில் திருவிழா, மற்ற இடமெல்லாம் பட்டினி.

ஸ்பிரேயர் என்றால் நாசிலைக் கழற்றிவிடுங்கள், உள்ளே இருக்கும் வலை வடிகட்டியையும். களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயரை இதற்குத் தொடாதீர்கள், எத்தனை தடவை கழுவினாலும். பத்து லிட்டர் பக்கெட்டும் ஒரு போசியும் எனக்குப் போதுமாக இருந்தது.

சொட்டுநீரில் விடலாம். ஆனால் உரத்தை உறிஞ்சிக் குழாய்த் தண்ணீரில் கலக்கும் வெஞ்சுரியை வடிகட்டிக்குப் பிறகு இணையுங்கள். முன்னால் வைத்தால் பாதி நூற்புழு வலையில் மாட்டிக்கொள்ளும். விட்டு முடித்ததும் அரை மணி நேரமாவது வெறும் தண்ணீர் ஓட்டுங்கள், குழாயில் படுத்திருப்பதெல்லாம் வெளியே வர வேண்டும்.

அடுத்த பதினைந்து நாள் மண் காயக் கூடாது. மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இதில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். ஆடி மாசத்துக் காற்று மேல்மண்ணை இரண்டே நாளில் உறிஞ்சிவிடும். தாராபுரம், காங்கயம் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை.

எதோடு சேர்க்கக் கூடாது

குருணை மருந்து போட்ட நிலத்தில் விடாதீர்கள். அதில் ஒன்றான போரேட்டுக்கு 2020 கடைசியோடு நாட்டில் தடை வந்துவிட்டது. ஆனால் பழைய மூட்டையை அட்டாலியில் வைத்திருக்கிறவர்கள் இன்னும் உண்டு. வேர்முடிச்சு நூற்புழுவைக் கொல்லும் மருந்து இதையும் கொல்லலாம், அதற்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. வேறு பூச்சிக்கொல்லி ஊற்றியிருந்தால் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். பச்சைச் சாணமும் யூரியாவும் அதே நாளில் வேண்டாம். மக்கிய தொழுவுரம் பிரச்சினையில்லை.

வீட்டிலேயே வளர்க்கலாமா?

வளர்க்கலாம். மெழுகுப்புழுவுக்கு மக்காச்சோள மாவு, கோதுமைத் தவிடு, பால் பவுடர், தேன், ஈஸ்ட், கிளிசரின் கலந்த தீனி போட்டு டப்பாவில் வளர்க்கிறார்கள். நூற்புழு தொற்றிச் செத்த புழுவை, ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கவிழ்த்த சின்ன மூடிமேல் ஈரத் தாள் விரித்து அடுக்கினால், பத்து நாளுக்குமேல் குஞ்சுகள் தாமாகவே தண்ணீருக்கு இறங்கிவிடும். 1927இலிருந்து ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் உத்தி இது. ஒரு மெழுகுப்புழுவிலிருந்து ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் வரும். சென்ட்டுக்கு ஐம்பதிலிருந்து நூறு புழு தேவை. பத்து சென்ட் திட்டுக்கு வீட்டு வளர்ப்பு கட்டுபடியாகும், ஏக்கருக்கு நினைக்கவே வேண்டாம். தேன் பெட்டி பக்கத்தில் இருந்தால் இந்த வளர்ப்பின் பக்கமே போகாதீர்கள். மெழுகுப்புழு வளர்ந்து அந்துப்பூச்சியாகித் தப்பிப் போனால் அடையைச் சல்லடையாக்கிவிடும்.

வளர்க்கிறவர்களுக்கு ஆஸ்திரேலியாக் கதை ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பைன் தோட்டங்களில் சைரெக்ஸ் என்கிற மரக்குளவி 1952இல் டாஸ்மானியாவில் தென்பட்டது. முட்டையோடு ஒரு பூஞ்சணத்தையும் விஷச் சளியையும் மரத்துக்குள் செலுத்தி, மரத்தையே சாகடிக்கும் குளவி. 1962இல் நியூசிலாந்தில் இந்தக் குளவியைத் தாக்கும் வேறொரு நூற்புழு கிடைத்தது. அது குளவியைக் கொல்லாது, மலடாக்கும். குளவி முட்டை வைக்கும்போது முட்டைக்குள் நூற்புழுவையே வைத்துவிட்டுப் போகும். குளவி தொத்திய மரத்தில் துளைபோட்டு நூற்புழுவைச் செலுத்தி வெற்றிகரமாக அடக்கினார்கள். இந்த நூற்புழு பூஞ்சணத்தைத் தின்றும் வாழும் என்பதால் ஆய்வுக்கூடத்தில் வருஷக்கணக்கில் பூஞ்சணத்திலேயே வளர்த்தார்கள். உட்கார்ந்து தின்று பழகிய மந்தை வேட்டையை மறந்துவிட்டது. 1987இல் தெற்கு ஆஸ்திரேலியா, விக்டோரியா எல்லைப் பகுதியில் குளவி வெடித்துக் கிளம்பியபோது அது கைகொடுக்கவில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் ஐம்பது லட்சத்துக்கு மேல் பைன் மரம் போனது. கடைசியில் 1991இல் டாஸ்மானியாவின் கமோனா காட்டிலிருந்து வீரியம் குறையாத நூற்புழுவைத் தேடிப்பிடித்து மறுபடி ஆரம்பித்தார்கள்.

நம் நூற்புழு வேறு சாதிதான், ஆனால் டப்பாவில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தால் இதுவும் சோம்பேறியாகும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது உங்கள் காட்டு வேர்ப்புழுவுக்குள் அனுப்பி, அதிலிருந்து வெளிவருவதை எடுத்து வளர்ப்பைப் புதுப்பியுங்கள். அல்லது புதிய தாய் வித்து வாங்குங்கள்.

பலனைப் பார்ப்பது

விடும்போதே நாலு வரிசையை விடாமல் ஒதுக்கிவையுங்கள், குச்சி நட்டு அடையாளம் வைத்து. ஒப்பிட ஒன்று இல்லாமல் பலன் தெரியாது. பத்தாம் நாள் இரண்டு பக்கமும் தோண்டுங்கள். செங்கல் நிறப் புழு ஒன்றிரண்டு கிடைத்தால் சந்தோஷப்படுங்கள், நிறையக் கிடைக்கவில்லை என்று வருத்தப்படாதீர்கள். செத்தது சீக்கிரம் மண்ணோடு கரைந்துவிடும். எண்ண வேண்டியது உயிரோடு இருப்பதைத்தான். இருபத்தைந்தாம் நாள் மறுபடியும் தோண்டி எண்ணுங்கள்.

என் காட்டில் இரண்டாம் வருஷம் விட்ட பக்கத்தில் குழிக்கு ஒன்று, சில குழியில் ஒன்றுமில்லை. விடாத நாலு வரிசையில் குழிக்கு மூன்று நாலு. முழுக்க ஒழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏற்கெனவே காய்ந்த தூர் திரும்ப வராது, பரவுவது நிற்கும், வெட்டிய தூரிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பில் வித்தியாசம் தெரியும். அடுத்த சித்திரையில் பக்கத்துக் காட்டு வண்டு பறந்து வந்து மறுபடி முட்டை வைக்கத்தான் செய்யும்.

போன மாசம் மாமா மறுபடியும் வரப்புக்கு வந்தார். நிலக்கடலையில் ஒரு மூலை வாடுகிறதாம்.

“எத்தனை சென்ட்டுங்க மாமா இருக்கும்?”

“ஒரு ஏழெட்டு இருக்குமுங்க.”

“அப்ப எட்டுக் கோடி வாங்குங்க.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மம்முட்டியை எடுத்துக்கொண்டு, “மொதல்ல தோண்டிப் பாக்கலாம் வாங்க” என்று முன்னால் நடந்தார்.